உறுத்தல் இருக்கா?

சென்ற ஆவணி மாதம் என்னை அந்த மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அதே மேசைக்குப் பக்கத்தில் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நின்ற இதய மருத்துவர் நான். ஓய்வு பெற்ற கையோடு, இத்தனை காலம் யார் யாருக்கோ சரிசெய்த ஏட்ரியல் ஃப்ளட்டர், இதயத்தின் மேலறை தறிகெட்டு ஓடும் நோய், எனக்கே வந்து சேர்ந்தது. "நீ வேலைய விட்டாலும் வேல உன்ன விடல பாரு" என்று சாந்தோமில் இருக்கும் என் தங்கை போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிகிச்சை செய்தவர் டாக்டர் நவீன். என்னிடம் வேலை பழகிய பிள்ளை, கெட்டிக்காரர். சுவரில் இருந்த திரையில் சரிபார்ப்புப் பட்டியலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் பச்சை விழுந்தது. "ஆரம்பிச்சிடலாம் மேடம்" என்றார். நான் ஒரு கேள்விக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன். அது வரவில்லை. முதுகில் ஒட்டியிருந்த தகட்டின் ஓரம் பிரிந்திருப்பது போல எனக்கு ஒரு நினைப்பு. இதயத்துக்குள் மின்சாரத்தால் சூடு வைக்கும்போது அந்தத் தகடு சரியாக ஒட்டாமல் இருந்தால் தோல் வெந்துவிடும். கடைசியில் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். புரட்டிப் பார்த்தார்கள். தகடு நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

மறுநாள் வார்டுக்கு வந்த நவீன், "மேடம், மயக்கத்துல 'உறுத்தல், உறுத்தல்'னு சொல்லிட்டே இருந்தீங்க. என்னது அது? எழுதிக் குடுங்களேன், நம்ம பசங்க படிக்கட்டும்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், எங்கள் வீட்டில் யாரும் டாக்டருக்குப் படித்ததில்லை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பயிற்சிக் காலம் முழுக்க, காலையில் பார்த்த நோயாளிக்கு மாலையில் என்ன ஆயிற்றோ என்று நினைத்தே எனக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவள் இதயத்தைப் படித்திருக்கவே கூடாது என்று நானே பல முறை நினைத்திருக்கிறேன். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர் சேஷாத்ரியிடம் வந்து சேர்ந்தேன். மயிலாப்பூர்க்காரர், ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். என் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தவர் அவர்தான்.

எந்தச் சிகிச்சையானாலும், தொடங்குவதற்கு முன்பு எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவரும் கட்டிக்கொள்வார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "உறுத்தல் இருக்கா?" என்று கேட்பார். மனதில் அரித்துக்கொண்டிருப்பது எதுவானாலும் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்ற பதில் செல்லாது. "ஒண்ணுமில்லேன்னா நீ சரியாப் பாக்கலேன்னு அர்த்தம்" என்பார். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஒருவர் சொல்லலாம், நோயாளி யாரோடும் பேசவில்லை என்று இன்னொருவர் சொல்லலாம். யாரும் சிரிக்கக் கூடாது. இன்னொரு தடையும் உண்டு. நோயாளியிடம் 'பயப்படாதீங்க' என்று நாங்கள் சொல்லிவிடக் கூடாது. "அவா பயப்படறதுக்குக் காரணம் இருக்கு. காரணத்த சரி பண்ணுங்கோ, பயம் தானாப் போகும்" என்பார்.

அந்தக் கேள்வி ஒரு நாள் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

ஆறுமுகம் என்று ஒருவர். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர், தி. நகரில் ஜவுளிக்கடை. உஸ்மான் சாலையின் பெரிய கடைகளுக்கு நடுவில் அவர் கடை ஒரு சின்னப் பல் மாதிரி இருக்கும். ஆனால் அவருக்கு வாய் இருந்தது. வாசலில் நின்று, "காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டி, நெகமம், செட்டிநாடு, உள்ள வந்து பாருங்கம்மா, எடுக்காட்டியும் பரவால்ல" என்று ஒரே மூச்சில் சொல்வார். போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அவருடைய மனைவி செல்வக்கனி, "இவுக பேச்சுதான் எங்க கடை. துணியெல்லாம் பொறவுதான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அவர் வந்தபோது மூச்சு வாங்கியது, கால் லேசாக வீங்கியிருந்தது. தீபாவளி நெருங்குகிறது, அந்தப் பதட்டம்தான் என்று ஏற்கெனவே இரண்டு டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி வைத்திருந்தார். "அதுல நாடி நூத்தம்பதுன்னு காட்டுது டாக்டரம்மா. மாடிப்படி ஏறினாலும் நூத்தம்பது, உக்காந்து காப்பி குடிச்சாலும் நூத்தம்பது. மிஷினு ரிப்பேருன்னு நெனச்சேன்."

கருவி சரியாகத்தான் இருந்தது. பதட்டத்தால் ஓடும் இதயம் ஏறும், இறங்கும். உட்கார்ந்தால் குறையும், கோபம் வந்தால் கூடும். எதற்கும் அசையாமல் ஒரே எண்ணில் நிற்கும் நாடியைப் பார்த்தால் ஃப்ளட்டரைச் சந்தேகப்பட வேண்டும் என்பது சேஷாத்ரி சார் சொல்லிச் சொல்லி எங்களுக்கு ஊறிப்போன பாடம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வாசலைச் சில நொடிகள் அடைத்து வைக்கும் ஊசி ஒன்று உண்டு. அதைப் போட்டோம். கீழறையின் துடிப்பு அடங்கிய அந்தச் சில நொடியில், ஈ.சி.ஜி. தாளில் ரம்பப் பல் போல அலைகள் வரிசையாக வந்தன. மேலறை நிமிடத்துக்கு முந்நூறு தடவை ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாதியைத்தான் வாசல் கீழே விட்டுக்கொண்டிருந்தது.

அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்தேன். "பனகல் பார்க்கைச் சுத்தி வண்டிங்க போகுதில்ல, அதுல ஒரு வண்டி வெளிய போற வழி தெரியாம சுத்திட்டே இருக்குன்னு வச்சுக்குங்க. உங்க இதயத்தோட வலது மேலறையில மின்சாரம் அப்படித்தான் சுத்துது. அது சுத்துற பாதையில ஒரு இடம் ரொம்பக் குறுகல், சந்து மாதிரி. தொடை வழியா ஒரு கம்பியை அனுப்பி, அந்தச் சந்துல சூடு வச்சு அடைச்சிட்டா சுத்து நின்னுடும்."

"தீபாவளிக்குப் போலீசுக்காரர் கயிறு கட்டுவாருல்லா, அது மாரி" என்றார்.

"அதேதான்."

"அப்ப தீபாவளி முடியட்டும் டாக்டரம்மா. நானும் முடிச்சுட்டு வந்து கட்டிக்கிடுதேன்."

அந்த அவகாசம் எங்களுக்கும் தேவையாக இருந்தது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடித்துக்கொண்டே இருந்தால், இடது பக்கத்தில் காது மாதிரி இருக்கும் ஒரு சிறு பையில் ரத்தம் தேங்கி உறைந்துவிடலாம். துடிப்பை நாம் சரிசெய்யும் நொடியில் மேலறை பழையபடி சுருங்கத் தொடங்கும். அந்தக் கட்டி அப்போது கிளம்பி மூளைக்குப் போனால் வாதம். கை கால் போகலாம், பேச்சும் போகலாம். அதனால் முன்கூட்டியே சில வாரம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்போம். ராத்திரி ஒரு மாத்திரை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது என்று அவரிடம் சொன்னேன். துடிப்பைத் தணிக்க இன்னொரு மாத்திரையும் கொடுத்தோம். ஃப்ளட்டர் அதற்கெல்லாம் எளிதில் மசியாது.

தீபாவளி போனது. ஆறுமுகம் வந்து சேர்ந்தார். மூச்சு முன்னைவிட மோசம். இதயம் பம்ப் செய்யும் வலு குறைந்திருந்தது. "மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டேன். "நீங்க சொன்னபடிதாம்மா, ஒரு எழுத்து மாறல" என்றார்.

மேசையில் ஏற்றினோம். சேஷாத்ரி சார் ஓய்வு பெறப் போகிற வருடம் அது. கை நடுக்கம் வந்துவிட்டதால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் பேசுவார். செய்ய வேண்டியவள் நான். ஆறுமுகத்தின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. முகம் வேர்த்தது. கம்பி போட்டு நிதானமாகச் செய்ய நேரம் இருக்குமா, ஒரு ஷாக் கொடுத்து உடனே ஃப்ளட்டரை நிறுத்திவிடலாமா என்று எனக்குள் ஓடியது. ஷாக் கருவியைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டேன்.

"எல்லாரும் கையக் கட்டிக்கோங்கோ" என்றது மைக். "உறுத்தல் இருக்கா?"

சார், இப்போதா என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் கட்டிக்கொண்டேன். "பிரஷர்தான் சார் எனக்கு உறுத்தல்" என்றேன்.

டெக்னீஷியன் பாபு, ஊரூர் குப்பத்துப் பையனாக வந்து எங்களோடு வளர்ந்தவர், தலையைச் சொறிந்தார். "எனுக்குப் பெர்சா ஒண்ணும் இல்ல சார். அவுரு கைல மஞ்சக் கயிறு ஒண்ணு கீது. ஊசி போட எடஞ்சலா கீது, கட் பண்லாம்னா உட மாட்றாரு. இன்னாத்துக்கு இவ்ளோ பிடிவாதம்னுதான்."

கோயில் கயிறு இல்லாத கை நம் ஊரில் ஏது. நான் தினம் பார்ப்பதுதான். ஆனால் உறுத்தல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் கேட்டே ஆக வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். குனிந்து, "அண்ணாச்சி, என்ன கயிறு இது?" என்றேன்.

"சஷ்டிக் காப்பு டாக்டரம்மா. திருச்செந்தூர் போயி அவன் முன்னாலதான் அவுப்பேன். இந்த வருசம் நீங்க பயணம் கூடாதுன்னுட்டீக. அதான் கையிலயே கெடக்கு."

"எப்போ கட்டினது?"

"தீபாவளி முடிஞ்ச கையோட. ஆறு நாள் விரதம். நேத்து திருக்கல்யாணம் முடிஞ்சுதான் சாப்பிட்டேன்."

எங்கள் வீட்டிலும் தவக்காலத்தில் அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுவார். அந்த நினைப்பில், "ராத்திரி மட்டும் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு வேளையும் கெடையாது. தண்ணி, சாயங்காலம் ஒரு வாய் பாலு. முப்பது வருசமா அப்படித்தான்." அந்த மூச்சிரைப்பிலும் குரலில் ஒரு பெருமை.

இன்னும் குனிந்தேன். "மாத்திரை?"

என்ன இப்படிக் கேட்கிறாய் என்பது போல என்னைப் பார்த்தார். "சாப்பிட்ட பொறவுதான போடச் சொன்னீக. சாப்பாடே இல்லையே. எப்படிப் போடுவேன்?"

நான் சொன்னது சரி. அவர் செய்ததும் நான் சொன்னபடிதான். ஷாக் கருவி மின்னூட்டம் ஏறத் தயாராக என் முழங்கை அருகே நின்றுகொண்டிருந்தது. உள்ளே கட்டி இருந்தால் அந்த ஒரு ஷாக்கே அதை மூளைக்கு அனுப்பியிருக்கும்.

"ஸ்டெல்லா, அதத் தள்ளி வை" என்று என்னிடம் சொன்னது மைக். "மொதல்ல உள்ள பாத்துடுவோம்."

ரத்த அழுத்தத்தைத் தாங்க மருந்து ஏற்றினோம். தொண்டை வழியாகக் குழாயை இறக்கி இதயத்தைப் பின்பக்கமிருந்து பார்க்கும் எக்கோ ஒன்று உண்டு. லேசாக மயக்கம் கொடுத்துக் குழாயை இறக்கினேன். இடது மேலறையில் ரத்தம் புகை மாதிரி மெதுவாகச் சுழன்றது. காதுப் பையைத் திரையில் கொண்டு வந்தேன். பையின் நுனியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் அது தலையை ஆட்டியது. பாபு மெல்ல, "ஐயோ, உள்ள கீதும்மா" என்றார்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றார் சேஷாத்ரி சார்.

செல்வக்கனியிடம் சொல்ல அவரே எழுந்து வந்தார். அந்த அம்மா கேட்டுவிட்டு முந்தானையைத் திருகினார். பிறகு, "சாமிக்கு இருந்த விரதம்லா. அதுவா இப்படிப் பண்ணிட்டு?" என்றார்.

"சாமி ஒண்ணும் பண்ணலம்மா. எங்காத்துலயும் ஏகாதசி உண்டு, நானும் பட்டினி கெடக்கறவன்தான். மாத்திரைக்கு விரதம் தெரியாது, அவ்வளவுதான்" என்றார் சார்.

அடுத்து வந்த வாரங்கள்தான் என் பணிக்காலத்திலேயே மோசமானவை. கட்டி கரைய வேண்டும். அதுவரை ஃப்ளட்டர் ஓடத்தான் செய்யும். நாங்கள் எதுவும் செய்யாமலே கட்டி தானாகக் கிளம்பிவிடவும் கூடும். சில நாள் வார்டில் வைத்து மூச்சைத் தணித்து, மாத்திரைகளை மாற்றி வீட்டுக்கு அனுப்பினோம். வீட்டுக்குப் போன பிறகு தினமும் சாயங்காலம் அடையாறில் என் வீட்டிலிருந்து போன் செய்வேன். செல்வக்கனி எடுப்பார். "சாப்பிட்டாச்சு. மாத்திரையும் போட்டாச்சு. என் கண்ணு முன்னாலதான் முழுங்குனாக."

"அவர்கிட்ட குடுங்க."

எனக்கு அவர் குரல் வேண்டும். வாய் கோணினாலோ நாக்குக் குழறினாலோ போனிலேயே தெரிந்துவிடும். "கடையைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பேன். அந்தப் பக்கம் மூச்சிரைப்புக்கு நடுவே, "காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டி, நெகமம், செட்டிநாடு" என்று வரும். ஒரு எழுத்து சறுக்கினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு நாள் நெகமத்தில் தடுக்கியது. நான் போனைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டேன். "வெத்தல போட்டுருக்கேம்மா" என்றார். அவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது.

சில வாரம் கழித்து மறுபடியும் குழாயை இறக்கிப் பார்த்தேன். பையைத் திரையில் இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். பை காலியாக இருந்தது. நம்பாமல் பாபுவையும் பார்க்கச் சொன்னேன். "இல்லம்மா, சுத்தமா கீது" என்றார். அன்று பிற்பகலே, மயக்கம் தெளிந்ததும், மேசையில் ஏற்றினோம்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். "உறுத்தல் இருக்கா?" என்றார் சார். நாங்கள் வாய் திறப்பதற்குள் மேசையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒண்ணு இருக்கு டாக்டரய்யா. முந்தாநேத்து ராத்திரி பயத்துல சோறு எறங்கல. ரெண்டு தோசதான். மாத்திரை போட்டேன். அது சாப்பாட்டுல சேருமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேஷாத்ரி சார் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சேரும், சேரும்" என்றார்.

தொடை வழியாகக் கம்பியைக் கொண்டுபோய் அந்தக் குறுகிய இடத்தில் வைத்தேன். வால்வின் ஓரத்தில் தொடங்கி, கீழிருந்து ரத்தம் கொண்டு வரும் பெருங்குழாய் வரை புள்ளி புள்ளியாகச் சூடு வைத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு இடைவெளி விட்டாலும் மின்சாரம் அதில் புகுந்து போய்விடும். திரையில் ரம்பப் பற்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கோட்டின் கடைசிப் பகுதியில், ஒரு பல் வந்தது, அடுத்த பல் வரவில்லை. திரை தட்டையாகப் போனது. பல வாரமாகத் தூங்கவிடாத துடிப்பு நின்றதும், இதயத்தின் சொந்தத் துடிப்பு எழுந்து வரச் சில நொடி ஆகும். தெரியும். தெரிந்தும் அந்தச் சில நொடியில் எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் பாதிப் பாதியாக வந்து போனது. பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

"என்னம்மா, உள்ள சத்தமே இல்ல. நின்னு போச்சா?" என்று பதறினார் ஆறுமுகம்.

"இல்ல அண்ணாச்சி. இதுதான் உங்க நெஜத் துடிப்பு."

"போலீசுக்காரர் கயிறு கட்டிட்டாரா?"

"கட்டிட்டார்." அரை மணி நேரம் காத்திருந்து, அடைத்த சந்து மறுபடி திறக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் சோதித்தோம். திறக்கவில்லை.

வயதும் சர்க்கரையும் இருந்ததால் அவருக்கு மாத்திரை மட்டும் தொடர்ந்தது. சஷ்டி விரதத்தையும் அவர் விடவில்லை. ஆறு நாளும் ராத்திரி ஒரு வேளை சாப்பிடுவது என்று அவரே முருகனிடம் பேசி முடித்துக்கொண்டார். விரதம் தொடங்கினால் ஆறு சாயங்காலமும் எனக்கு போன் வரும். "சாப்பிட்டேன், போட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். வருடா வருடம் இதுதான் வழக்கம்.

இந்த ஐப்பசியிலும் ஐந்து நாள் வந்தது. ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று, வரவில்லை. ஏழு மணிக்கு மேல் மேசையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானே கூப்பிட்டேன், மணி அடித்து ஓய்ந்தது. செல்வக்கனி எண்ணிலும் யாரும் எடுக்கவில்லை. அந்தப் புளியங்கொட்டை என் கண் முன்னால் வந்து தலையாட்டத் தொடங்கிவிட்டது. தி. நகருக்கு ஆட்டோ பிடிக்கலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

போன் அடித்தது.

"கோயில்ல ஒரே கூட்டம் டாக்டரம்மா, போனு வீட்டுல கெடந்துட்டு. இப்பதான் வந்தோம். சாப்பிட்டேன், போட்டேன்."

"சரி" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. "உங்களுக்கும் இப்ப அந்த மாத்திரதான்னு பாபு தம்பி சொல்லிச்சு. நீங்க சாப்பிட்டீகளா?"

மேசையில் மூடி வைத்த தட்டைப் பார்த்தேன். பக்கத்தில் என் மாத்திரை அட்டை. "இன்னும் இல்ல அண்ணாச்சி."

"அதான் குரலு ஒரு மாரி இருக்கு. எனக்கு உறுத்துதுல்லா. எங்க, கடையச் சொல்லுங்க பாப்போம்."

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். "காஞ்சிபுரம்" என்றேன். "ஆரணி. சின்னாளப்பட்டி."

"ம். பொறவு?"

"நெகமம். செட்டிநாடு."

"சரியா இருக்கு" என்றார். "போயிச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு மாத்திரையப் போடுங்க. போட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க."